முழுதும் சிவந்த மரம்

உள்ளறையில் கல்வத்தில் ஏதோ அரைபடும் சத்தம் கேட்டது. கரகரவென்று தொடங்கிய சத்தம் போகப் போக வழவழப்பாகி அடங்கியது, பிறகு மறுபடியும் கரகரத்தது. வாசற்படியில் நின்று பேசிக்கொண்டிருந்த படகுக்காரன் திருமலை பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தான்.

"பொண்ணு இன்னா அரைக்குது, பீவிம்மா?"

"மசாலா," என்றாள் பதுருன்னிசா.

மருந்து அரைக்கிற கல்வத்தில் மசாலாவை யாரும் அரைப்பதில்லை. அது திருமலைக்கும் தெரியும். ஆனால் அவன் வந்த காரியம் வேறு. புதன்கிழமை விடிகிற நேரத்துக்குத் தண்டையார்பேட்டைத் துறையில் படகைக் கொண்டுவந்து கட்ட வேண்டும். எத்தனை பேர், எத்தனை குழந்தைகள், திரை கட்ட வேட்டி யார் கொண்டுவருவார்கள் என்று கேட்டுக்கொள்ள வந்திருந்தான். பெண்கள் பதினெட்டுப் பேர், குழந்தைகள் கணக்கில்லை, வேட்டி தானே கொண்டுவருவதாக அவள் சொன்னாள். அவன் போனதும் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனாள்.

மகள் மலிகா கைக்கண்ணாடியை ஜன்னலில் சாய்த்து வைத்து, அரைத்த கார்போக அரிசி மருந்தை வலது காதுக்குக் கீழே பூசிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றியது. தேமல் என்று நினைத்தார்கள். அது புளியங்கொட்டை அளவாகி, காசளவாகி, இப்போது தாடையோரமாக ஒரு வெற்றிலையைக் கவிழ்த்து ஒட்டியதுபோல் பரவியிருந்தது. மருந்து கொடுத்த ஹக்கீம் ஒட்டுவாரொட்டியில்லை என்று சொல்லிவிட்டார். ஹக்கீம் சொன்னதை ராயபுரத்தில் யார் கேட்டார்கள்? பெண் கேட்டு வந்த மூன்று குடும்பங்களுக்கும் பதுருன்னிசா விஷயத்தை முன்கூட்டியே சொன்னாள். மூன்று குடும்பமும், கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். மலிகாவுக்குப் பத்தொன்பது முடிந்துவிட்டது.

நான்காவதாக வந்திருப்பது, மனைவியை இழந்த கயிற்றுக் கடை ரஷீதின் சம்பந்தம். இந்த முறை பதுருன்னிசா யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

"சொல்லிட்டா இன்னாம்மா?" என்று மலிகா கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"சொன்ன மூணு பேரு திரும்பி வந்தாங்களா?"

மலிகா கல்வத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

யுத்தம் முடிந்து வந்த முதல் தை மாதம் அது. ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை முஸ்லிம் வீடுகளில் ஒடுக்கத்துப் புதனுக்கு, அதாவது சபர் மாதத்தின் கடைசிப் புதன்கிழமைக்கு, ஒரு வழக்கம் உண்டு. காலையில் பள்ளிவாசல் ஹஜ்ரத் மாவிலையில் குங்குமப்பூ மையால் எழுதித் தருவதைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள். பிறகு குடும்பத்தோடு சோறு கட்டிக்கொண்டு, மரமும் தண்ணீரும் இருக்கிற இடத்துக்குப் போய்ப் பகல் பூராவும் இருந்துவிட்டு வருவார்கள். வருஷமெல்லாம் நான்கு சுவருக்குள் இருக்கிற பெண்களுக்கு அந்த ஒரு நாள்தான் ஆகாசம்.

எந்த இடத்துக்குப் போவது என்பதுதான் கஷ்டம். சபர் மாதம் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் தள்ளிவரும். சில வருஷம் கோடையில் வரும், சில வருஷம் அடைமழையில் வரும். ஒரு தடவை அழகாக இருந்த தோப்பு சில வருஷம் கழித்துப் போனால் மொட்டையாக நிற்கும். அதனால் எல்லோரும் பதுருன்னிசாவிடம் வந்து கேட்டார்கள். பங்குனியில் என்றால் சாத்தங்காட்டு அரசமரங்கள் தாமிரத் தகடுபோல் தளிர்விடும் என்பாள். சித்திரையில் என்றால் கத்திவாக்கம் புங்கந்தோப்பு. ஆடியிலும் தையிலும் என்றால் யோசிக்கவே வேண்டாம், எண்ணூர் ஏரிக்கரையில் பாழடைந்து கிடக்கும் வெள்ளைக்காரன் பங்களாத் தோட்டத்தின் ஏழு வாதுமை மரங்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை அவை இலை சிவந்து உதிரும். அந்தச் சிவப்பைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் போகும்.

இதெல்லாம் அவளுக்கு அவள் புருஷன் அமீர் கற்றுக்கொடுத்தது. அவன் எண்ணூர் ஏரியிலிருந்து சுண்ணாம்புக் காளவாய்க்குக் கிளிஞ்சல் ஏற்றிவரும் படகில் சுக்கான் பிடித்தவன். திருமலை அப்போது அதே படகில் கோல் ஊன்றினான். கால்வாயோரத்து மரம் ஒவ்வொன்றும் எந்த மாதம் என்ன நிறம் காட்டும் என்று அமீருக்கு அத்துப்படி. ஒவ்வொரு தடவை வரும்போதும் மடியில் ஓர் இலை கொண்டுவருவான். பெண்சாதிக்குப் பூ வாங்கி வராமல் சருகு கொண்டுவருகிறானே என்று தெருவே அவனைக் கேலி செய்தது. விஷக் காய்ச்சலில் அவன் போய்ச் சேர்ந்தபோது மலிகாவுக்குப் பதினொரு வயது. அன்றிலிருந்து பதுருன்னிசா தொப்பி தைத்துப் பிழைத்தாள். ஒடுக்கத்துப் புதனுக்கு முந்தின ஞாயிறு ரயிலேறிப் போய் மரங்களைப் பார்த்துவிட்டு வருவதை மட்டும் விடவில்லை.

நாளடைவில் அந்த வேலையோடு இன்னொரு வேலையும் ஒட்டிக்கொண்டது. ஆண்கள் இல்லாத இடம், பெண்கள் முகத்திரையை எடுத்துவிட்டு உட்காரும் இடம் என்பதால், மகனுக்குப் பெண் தேடும் தாய்மார்கள் அங்கேதான் கண்ணை ஓட்டினார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் முன்கூட்டியே பதுருன்னிசாவின் காதைக் கடித்தார்கள், என் மகளை எந்த மரத்தடியில் உட்கார வைக்கலாம் என்று. சிவந்த வாதுமை இலை வழியாக இறங்கும் உச்சி வெயில் எந்த முகத்தையும் ஒரு சுற்று அழகாக்கிக் காட்டும். அம்மைத் தழும்பு மங்கும். சோகை பிடித்த கன்னத்தில் ரத்தம் ஓடும். அவள் பாய் விரித்துக் கொடுத்த இடத்தில் முடிவான நிக்காஹ்கள் ஒரு டஜன் இருக்கும்.

அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. முக்கால் சிவப்பு, கால் பச்சை இருக்கிற மரத்தைத்தான் எடுப்பாள். முழுதும் சிவந்த மரத்தை ஒருபோதும் நம்பமாட்டாள். அதன் இலைகள் பழக்கத்தினால்தான் கிளையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, ஒரு காற்று போதும் என்பாள்.

ரஷீதின் முதல் மனைவி ஜமீலாவையும் இப்படித்தான் பார்த்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன், இதே தோட்டத்தில். அந்தப் பெண் காகிதம்போல் வெளுத்திருந்தாள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும் என்று அவளைப் பெற்றவள் பதுருன்னிசாவிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தாள். மரத்தடியில் அவள் கன்னம் ரோஜாவாக இருந்தது. ரஷீதின் தாய் ஹாஜரா அங்கேயே மோதிரம் போட்டாள். மறு வருஷம், கர்ப்பமான எட்டாம் மாதத்தில், ஜமீலா வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோனாள். பதுருன்னிசா சாவு வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். மரத்தடியையும் அந்தச் சாவையும் அவள் சேர்த்து நினைத்துப் பார்க்கவில்லை. நினைப்பு அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் தைக்கிற தொப்பியைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொள்வாள்.

ரஷீது துறைமுகத்துக்கு எதிரே கயிற்றுக் கடை வைத்திருப்பவன். மறுகல்யாணப் பேச்சு எழுந்து, தரகு பேசுகிறவள் மலிகாவைச் சொன்னபோது ஹாஜரா ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லி அனுப்பினாள். ஒடுக்கத்துப் புதனன்று எண்ணூரில் பார்த்துக்கொள்வோம், எந்த மரம் என்று பதுருன்னிசாவே சொல்லட்டும்.

திருமலை வந்த அன்றைக்கு, ஞாயிறு காலையில்தான் பதுருன்னிசா மலிகாவையும் ரயிலில் அழைத்துக்கொண்டு எண்ணூர் போய் வந்திருந்தாள். முதல் ஆறு மரங்களும் அவளுடைய கணக்குப்படி முக்கால் சிவந்திருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் மகளை உட்காரவைத்து, பத்தடி தள்ளி நின்று பார்த்தாள். பச்சை இலை வழியாக வந்த வெளிச்சத்தில் அந்தத் திட்டில் பாதி பளிச்சென்று தெரிந்தது. ஏழாவது மரம் கடைசியில், ஏரியைப் பார்த்து நின்றது. ஒரு பச்சை இலை இல்லாமல் உச்சிமுதல் அடிவரை சிவந்திருந்தது. அதன் அடியில் மலிகா உட்கார்ந்ததும் திட்டைக் காணோம். முகமும் கழுத்தும் ஒரே செம்பு நிறமாக இருந்தன. பதுருன்னிசா இருபதடி தள்ளிப் போய்ப் பார்த்தாள். கிட்டத்தில் வந்து பார்த்தாள். தன் குழந்தையின் பழைய முகத்தை இரண்டு வருஷம் கழித்து அன்றுதான் பார்த்தாள்.

ஊரார் பெண்களுக்கெல்லாம் வைத்த கணக்கை அவள் தன் பெண்ணுக்கு வைக்கவில்லை. ஏழாவது மரம் என்று ஹாஜராவுக்கு அன்றே ஆள் அனுப்பினாள்.

செவ்வாய் இரவு வாடைக் காற்று வீசியது.

புதன் விடியற்காலையில் மாவிலைத் தண்ணீரைக் குடித்துவிட்டு எல்லோரும் படகேறினார்கள். சோற்றுச் சட்டிகளும் பாய்களும் குழந்தைகளுமாகப் படகு நிறைந்தது. சுற்றிலும் வேட்டித் திரை கட்டியிருந்தார்கள். ஒரு நாள் போய்வர இத்தனை சட்டியா, காசிக்குப் போகிறவன்கூட இவ்வளவு கட்டிக்கொள்ள மாட்டானே என்று திருமலை திரைக்கு வெளியிலிருந்து கேட்டான். போன வருஷம் எங்கள் தாளிச்சாவை மூன்று தடவை கேட்டு வாங்கித் தின்றவன் யாரென்று உள்ளேயிருந்து ஒருத்தி திருப்பிக் கேட்டாள். படகு முழுதும் சிரித்தது. பதுருன்னிசாவும் சிரித்தாள். திருவொற்றியூர்க் கோபுரம் தாண்டி, கரையோரப் பூவரசுகள் மஞ்சள் இலைகளைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்த இடத்தில் திருமலை மறுபடி பேச்சுக் கொடுத்தான்.

"ராத்திரி காத்து பேஜாராப்பூட்ச்சு, பீவிம்மா. எங்க குப்பத்துல ரெண்டு கூரை பறந்துட்ச்சு."

அதற்குப் பிறகு எண்ணூர் வரையில் பதுருன்னிசா திரை இடுக்கு வழியாகக் கரையோர மரங்களின் உச்சியையே தேடினாள். மலிகா திரையை விலக்கி, தண்ணீரில் போகும் மஞ்சள் இலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

தோட்டத்தில் ஆறு மரங்கள் ஞாயிற்றுக்கிழமை இருந்தபடியே இருந்தன. பச்சை இருந்த மரங்கள் காற்றைத் தாங்கியிருந்தன. ஏழாவது மரம் வெறும் கிளைகளாக நின்றது. அடியில் கணுக்கால் ஆழத்துக்கு இலை. குழந்தைகள் கூச்சலோடு அதில் போய் விழுந்து, வாரி வாரி ஒருவர்மேல் ஒருவர் இறைத்தார்கள். இந்த மாதிரி சிவப்பைத் தரையில் பார்த்ததே இல்லை என்று பெண்கள் வியந்தார்கள். ஒருத்தி பதுருன்னிசாவின் கையைப் பிடித்துப் பாராட்டினாள்.

அந்தச் சிவப்புக்கு நடுவில் பாய் விரித்து, வெள்ளைத் துப்பட்டியோடு ஹாஜரா உட்கார்ந்திருந்தாள். முதல் ரயிலிலேயே வந்துவிட்டாளாம்.

"நீ சொல்லி அனுப்புன மரம் இதுதானே, பதுரு? ஏழாவது."

"ஆமாக்கா. வெயிலா கீதே. அந்தாண்ட நிழல்ல போய் உக்காருவோமா?"

"தை மாசத்து வெயிலுதானே. எனக்கு இதமாத்தான் கீது. பொண்ணைக் கூப்பிடு."

பதுருன்னிசா மகளை ஹாஜராவுக்கு வலப்பக்கமாக உட்காரவைக்கப் பார்த்தாள். அந்தப் பக்கம் உட்கார்ந்தால் இடது கன்னம்தான் தெரியும். மலிகா நேர் எதிரே உட்கார்ந்தாள். சோறு பரிமாறக் குனிந்தபோது துப்பட்டி முன்னால் சரிந்தது. அதை இழுத்து இரண்டு காதுக்கும் பின்னால் செருகிக்கொண்டாள். உச்சி வெயில் நேராக அவள் தாடையில் விழுந்தது. வெள்ளையாக இருந்த இடம் வெள்ளையாகவே இருந்தது.

ஹாஜரா பார்த்தாள். அவசரமில்லாமல் ஒரு துணியைக் கடையில் விரித்துப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு தேங்காய்ச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள். தாளிச்சா நன்றாக இருக்கிறது, யார் வைத்தது என்று கேட்டாள். தான் வைத்ததாக மலிகா சொன்னாள். அதற்குமேல் பேச்சு இல்லை. மோதிரமும் இல்லை. மூன்று மணி ரயிலுக்குக் கிளம்பும்போது ஹாஜரா தரையிலிருந்து ஓர் இலையை எடுத்து, தூசி தட்டி, சுருக்குப் பையில் வைத்துக்கொண்டாள்.

திரும்பும் படகில் பதுருன்னிசா திரைப்பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். மரம் கொட்டினது நல்லதுதான்மா என்று மலிகா மெல்லச் சொன்னது அவள் காதில் விழுந்தது. விழாததுபோல் இருந்தாள். அவளுடைய ஒரே நினைப்பு, இந்த நான்காவது வாசலும் அடைபட்டுவிட்டது, தன்னுடைய கையாலேயே அடைபட்டுவிட்டது என்பதுதான். ஆறு மரங்களில் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருந்தால்கூடப் பாதி மறைந்திருக்குமே.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து தெருவில் ஆண்கள் கலைந்துபோன நேரத்தில் ஹாஜரா தனியாக வந்தாள். டீ வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கி, ஊதி ஊதிக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். மலிகா உள்ளறைக்குப் போய்விட்டாள். இரண்டு நாளாகக் கல்வம் சத்தமில்லாமல் கவிழ்ந்து கிடந்தது.

ஹாஜரா சுருக்குப் பையைத் திறந்து அந்த இலையை எடுத்துப் பாயில் வைத்தாள். அது கறுத்து, விளிம்பு சுருண்டிருந்தது.

"ஜமீலாவையும் இந்த மரத்தடியிலதானே உக்கார வெச்சே?"

"இல்லக்கா, அது நாலாவது மரம்," என்றாள் பதுருன்னிசா.

சொன்ன பிறகுதான், உட்கார வைத்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டது புரிந்தது. இருபது வருஷமாக மரத்தைப் பற்றி யார் தப்பாகச் சொன்னாலும் திருத்திப் பழகிய வாய். அது தன்பாட்டுக்குத் திருத்திவிட்டது. ஹாஜராவும் அந்தப் பதிலுக்காகவே அப்படிக் கேட்டவள்போல் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"ரத்தமில்லாத பொண்ணுன்னு அவ அம்மா உங்கிட்ட சொன்னாளா?"

பதுருன்னிசா பாயின் கோரையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பொய் சொல்ல வேண்டுமானால் இப்போதே சொல்லிவிட வேண்டும்.

"சொன்னா."

"எங்கிட்ட சொல்லியிருந்தா ஈரலும் கீரையுமா போட்டுத் தேத்தியிருப்பேன், பதுரு. டாக்டருகிட்ட காட்டியிருப்பேன். தண்ணிக்கொடம் தூக்க வுட்டிருக்க மாட்டேன். எனக்கு இன்னா தெரியும்? ரோஜாப்பூ மாதிரி பொண்ணு, சோம்பேறித்தனத்துல மூச்சு வாங்குதுன்னு நெனச்சேன்."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. பிறகு நடந்ததையும் அதே குரலில்தான் சொன்னாள். ஜமீலா செத்த நாளிலிருந்து ரஷீது தாயின் முகத்தைப் பார்த்துச் சோறு தின்பதில்லை. நல்லபடியாக இருந்த பெண்ணை வேலை வாங்கியே கொன்றுவிட்டாள் என்று அவன் நினைக்கிறான். வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். ஜமீலாவின் தாயிடம் போய்க் கேட்கலாமென்றால் அவள் மகள் போன துக்கத்தில் நாகூருக்கே போய்விட்டாள். தெரிந்தவர் இன்னொருவர் இருக்க வேண்டும், அது யார் என்று ஹாஜரா ஒரு வருஷமாக யோசித்திருக்கிறாள். அதனால்தான் மலிகாவின் பேச்சு வந்ததும் இடத்தைப் பதுருன்னிசாவே சொல்லட்டும் என்று சொல்லி அனுப்பினாள். பதுருன்னிசா தன் சொந்தப் பெண்ணை எங்கே உட்கார வைக்கிறாள், எதை மறைக்கப் பார்க்கிறாள் என்று பார்க்க வேண்டியிருந்தது.

"உன் பொண்ணு கன்னத்துல கீறது ஆளைக் கொல்லாது," என்றாள் ஹாஜரா. "அதை நான் வெயில்லயே பாத்துட்டேன். அவளும் மறைக்கல. எனக்கு அந்தப் பொண்ணு வேணும்."

பதுருன்னிசா நிமிர்ந்தாள்.

"ஆனா நீ வந்து என் புள்ளைகிட்ட சொல்லணும். நாலாவது மரம்னு எங்கிட்ட சொன்னியே, அதை அவங்கிட்ட சொல்லு. அப்புறம் அவன் சரின்னா நிக்காஹ். இல்லன்னா இல்ல. நீ வரலைன்னா இந்தப் பேச்சே இல்ல."

"நாளைக்கு..."

"இன்னிக்கு கடை சாத்தியிருக்கான். வூட்டுலதான் கீறான்."

பதுருன்னிசா கணக்குப் போட்டுப் பார்த்தாள். இதைச் சொல்லிவிட்டு வெளியே வந்தால் பொழுது சாய்வதற்குள் ராயபுரம் முழுக்கத் தெரிந்துவிடும். பாய் விரித்துக் கொடுத்த ஒரு டஜன் வீட்டிலும் அன்றைக்கே மருமகள்களை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்ப்பார்கள். அடுத்த ஒடுக்கத்துப் புதனுக்கு எந்தத் தோப்பு என்று கேட்க ஒருத்தியும் இந்த வாசல் ஏற மாட்டாள். ரஷீது என்ன செய்வான் என்பதும் தெரியாது. தன் பெண்சாதியின் சாவில் கை வைத்தவள் பெற்ற மகளை அவன் ஏன் கட்ட வேண்டும்? சொன்னாலும் கிடைக்காமல் போகலாம். சொல்லாவிட்டால் நிச்சயமாகக் கிடைக்காது.

உள்ளறைக் கதவு திறந்தது. மலிகா வந்தாள். முகத்தில் மருந்துப் பூச்சு இல்லை. கையில் தாயின் துப்பட்டி மடித்து இருந்தது. அதை அவள் தாயின் மடியில் வைத்தாள்.

ஹாஜரா எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. காத்திருப்பதுபோலவும் இல்லை, ஆனால் வேகமாகவும் நடக்கவில்லை.

பதுருன்னிசா சிறிது நேரம் மடியிலிருந்த துணியையே பார்த்தாள். பிறகு அதை விரித்துத் தலையில் போட்டுக்கொண்டாள். பாயில் கிடந்த இலையைக் கையில் எடுத்தாள். செருப்பை மாட்டினாள், முதலில் கால் மாற்றி மாட்டி, பிறகு சரியாக மாட்டினாள். தெருமுனையில் வெள்ளைத் துப்பட்டி தெரிந்தது. அதன் பின்னால் நடந்தாள்.

இரண்டு பேரும் தெருமுனை திரும்பி மறையும்வரை மலிகா வாசலில் நின்று பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.